காசு ஓடுது, வை மோனை!

சித்திரை வருடப்பிறப்பு அன்று எங்கள் வீட்டில் நடக்கும் முதல் காரியம் கைவிசேஷம் அல்ல. ஊருக்கு வட்ஸ்அப்பில் கதைப்பதுதான். இங்கே ஜேர்மனியில் காலை 6 மணி என்றால் ஊரில் ஒன்பதரை. போன வருடம் என் மகள் கைபேசியை மேசையில் சாத்தி வைத்துவிட்டு, ஊரில் இருக்கும் என் தங்கச்சியோடு முக்கால் மணித்தியாலம் "கதைத்தாள்". உண்மையில் பாதி நேரம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. அங்கே மாமி பொங்கலுக்கு அடுப்பு மூட்டினா, இங்கே இவள் தலை இழுத்துக்கொண்டு நின்றாள்.

"உதுக்கு முந்தி எவ்வளவு காசு போகும், தெரியுமே?" என்று கேட்டேன்.

"எதுக்கப்பா?"

"சும்மா இருக்கிறதுக்கு."

அவளுக்கு விளங்கவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கும் இது விளங்காது. ஆகையால்தான் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எமது சனம் ஊரோடு கதைக்கப் பட்ட பாட்டை எழுதலாம் என்று நினைத்தேன்.

நான் ஜேர்மனிக்கு வந்தது 1988இல். டோட்மூண்ட் நகருக்குக் கிட்ட ஓர் அகதி முகாமில் இருந்தேன். முகாமுக்கு வெளியே, பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத் தொலைபேசிக் கூடு ஒன்று நின்றது. பின்னேரங்களில் அதன் முன்னால் எங்கட பெடியள் வரிசையில் நிற்பார்கள். சில்லறை போட்டுக் கதைத்த காலம் போய்ப் பிறகு காட் வந்தது. 12 மார்க்குக்கு ஒன்று, 50 மார்க்குக்கு ஒன்று. காட்டைச் செருகினால் சிறு திரையில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும். ஜேர்மனிக்குள் கதைத்தால் அந்த இலக்கம் ஆறுதலாகக் குறையும். இலங்கைக்குக் கதைத்தால் அது இறங்குகிற வேகத்தைப் பார்க்கவே நெஞ்சு இடிக்கும்.

யாருக்குக் கதைப்பது என்பது அடுத்த பிரச்சினை. 1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கடிதம் எழுதித்தான் ஒழுங்கு செய்யவேண்டும். இன்ன மாதம், இன்ன திகதி, கொழும்பில் இன்ன கொமினிகேஷன் கடையில் வந்து நில்லுங்கோ என்று எழுதுவோம். கடைக்காரர் தன் தொலைபேசி இலக்கத்துக்கு வரும் அழைப்புக்கும் ஒரு கூலி எடுப்பார். அந்தக் கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கு ஆகும்.

1993இல் என் அப்பு அப்படித்தான் வந்தார். கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கொழும்பு வந்து, வெள்ளவத்தையில் ஒரு கடையில் காலையிலிருந்து குந்தியிருந்தார். அந்த வருடத் தொடக்கத்தில் கிளாலிக் கடலில் எத்தனையோ சனம் சுடப்பட்டுச் செத்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தார். நான் 50 மார்க் காட்டோடு கூட்டுக்குள் நின்றேன்.

"சாப்பிட்டியே மோனை?" என்றார். "ஓம்" என்றேன். "வேலை?" "இருக்கு" என்றேன். வேலை செய்ய எனக்கு அனுமதியே இல்லை. "அங்க எப்பிடி அப்பு?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லாயிருக்கு" என்றார். அவரும் பொய்தான் சொன்னார். பிறகு இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பு பதறிப்போனார். "காசு ஓடுது, வை மோனை!" என்று அவரே வைத்துவிட்டார்.

திரையைப் பார்த்தேன். காட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. திருப்பி அடித்தேன், கடை லைன் கிடைக்கவில்லை.

அது ஏன் அவ்வளவு விலை என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை. தூரம் கூட, அதனால் விலை கூட என்று நினைத்தோம். தூரம் ஒரு சிறு காரணம் மட்டுமே. பழைய தொலைபேசி முறையில், நீங்கள் கதைக்கத் தொடங்கினால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு பாதை உங்களுக்கென்றே ஒதுக்கப்படும். நீங்கள் கதைத்தாலும் சரி, அழுதாலும் சரி, பேசாமல் நின்றாலும் சரி, வைக்கும் வரை அது உங்களுடையது. மௌனத்துக்கும் அதே கட்டணம். அதற்கு மேல், இரு நாட்டுத் தொலைபேசி நிர்வாகங்களும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தமக்குள் பேசித் தீர்த்துப் பங்கு போட்டன. வறிய நாடுகளுக்கு அது அந்நியச் செலாவணி தரும் வருமானம். ஜேர்மனி போன்ற நாடுகளிலோ வேறு போட்டி நிறுவனம் கிடையாது. சொன்ன விலைதான் விலை.

இதற்கு எங்கட சனம் கண்டுபிடித்த குறுக்கு வழிகள் கொஞ்சமல்ல. ஒரு தரம் ரிங் பண்ணி வைத்தால் "சுகமாய் வந்து சேர்ந்தாச்சு", இரண்டு தரம் என்றால் "உடனே எடு". பணம் கொடுக்காமலே சேதி போய்விடும். பிறகு "கோல் பாக்" வந்தது. அமெரிக்காவில் உள்ள இலக்கமொன்றுக்கு ரிங் கொடுத்து வைத்தால் அங்குள்ள கணனி திருப்பி எடுத்து, அமெரிக்க விலையில் லைன் தரும். 1998 ஜனவரி 1இல் ஜேர்மனியில் தொலைபேசிச் சந்தை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு 010 என்று தொடங்கும் இலக்கத்தை முன்னால் அடித்தால் வேறு நிறுவனத்தின் விலையில் கதைக்கலாம். எந்த இலக்கம் மலிவு என்று பார்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்போம். தமிழ்க் கடைகளில் சுரண்டிப் பார்க்கும் காட் வந்ததும் அந்தக் காலத்தில்தான். அட்டையில் போட்டிருக்கும் நிமிடம் ஒன்று, கிடைக்கும் நிமிடம் வேறு. நான் வாங்கிய காட் ஒன்று முதல் "ஹலோ"வோடு செத்துப்போனது. யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

இணையத்தில் கதைக்கும் வழி இதற்கிடையில் பிறந்துவிட்டது. 1995இல் வோகல்ரெக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் "இன்ரநெற் போன்" என்ற மென்பொருளை வெளியிட்டது. விடயம் இதுதான். சாதாரண தொலைபேசியே குரலை விநாடிக்கு 8,000 தரம் அளந்து இலக்கங்களாக மாற்றுகிறது. அந்த இலக்கங்களைச் சுருக்கி, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, விலாசம் எழுதி இணையத்தில் விட்டால், வெவ்வேறு பாதையால் போனாலும் மறுமுனையில் ஒழுங்காக அடுக்கிக் கேட்கலாம். தனிப் பாதை தேவையில்லை. இணைய இணைப்புக்கு மட்டுமே காசு; கொழும்புக்குப் போகும் பொட்டலத்துக்கும் கேள்னுக்குப் போகும் பொட்டலத்துக்கும் ஒரே விலைதான். ஆனால் இரண்டு பக்கமும் கணனி வேண்டும். குப்பி விளக்கில் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கு அது எட்டாத கதை.

2002இல் யுத்த நிறுத்தம் வந்தது, ஏ9 பாதை திறந்தது. யாழ்ப்பாணத்தில் நெற் கபேகள் முளைத்தன. 2003 ஆகஸ்ட்டில் ஸ்கைப் வந்தது. சுவீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும் தொடங்க, மென்பொருளை எழுதியது எஸ்தோனியப் பெடியள். அம்மா தங்கச்சியோடு ஓட்டோவில் போய் நெற் கபேயில் காதுக்கு ஹெட்போன் போட்டு என்னோடு கதைத்தா. முதல் தரம் கதைத்தபோது, "கெதியாச் சொல்லு" என்றுதான் தொடங்கினா. "அம்மா, காசு ஓடாது" என்று எத்தனை தரம் சொன்னாலும் நம்பவில்லை.

2006இல் ஏ9 மூடப்பட்டது. 2009இன் முதல் மாதங்களில் எங்கள் எல்லோர் வீட்டிலும் கணனி இருந்தது, இலவசமாகக் கதைக்கும் வசதியும் இருந்தது. வன்னியில் இருந்த சொந்தங்களுக்குத்தான் எடுக்க வழியில்லை. காசு இல்லாமல் கதைக்காத காலத்தையும் கண்டோம், காசு தேவைப்படாமலே கதைக்க முடியாத காலத்தையும் கண்டோம்.

2010 டிசம்பரில் வைபர் வந்தது. அதற்குக் கணனி வேண்டாம். கைபேசி இலக்கமே விலாசம். வட்ஸ்அப்பில் கதைக்கும் வசதி 2015இல் வந்தது, முகம் பார்த்துக் கதைப்பது 2016 நவம்பரில். வட்ஸ்அப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் கோம், 1992இல் 16 வயதில் உக்ரேனிலிருந்து தாயோடு அமெரிக்காவுக்கு வந்து, அரச உணவு முத்திரையில் சாப்பிட்டு வளர்ந்தவர். தகப்பன் ஊரில் நின்றுவிட்டார். 1997இல் அங்கேயே இறந்துபோனார். இதை வாசித்த அன்று எனக்கு அந்த மனிதரைப் பல வருடம் தெரிந்ததுபோல இருந்தது.

எல்லாம் இலவசம் என்று சந்தோஷப்படவும் முடியாது. ஊரில் டேட்டாவுக்குக் காசு கட்டுவது அவர்கள்தான். 2018 மார்ச்சில் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும், 2022 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியபோதும் அரசாங்கம் வைபரையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தி வைத்தது. முந்தி லைன் அறுக்கக் குண்டு தேவைப்பட்டது. இப்போது ஓர் உத்தரவு போதும். ஸ்கைப்கூட 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.

அம்மா கடைசி வருடங்களில் கைபேசியைக் குசினி யன்னலில் வைத்துவிட்டுச் சமைப்பா. நான் வேலை முடிந்து வந்து இந்தப் பக்கம் சும்மா இருப்பேன். தேங்காய் திருவுகிற சத்தம், காகம், பக்கத்து வீட்டு நாய். "என்ன, இருக்கிறியே?" என்பா. "ஓம்" என்பேன். அவ்வளவுதான். 2021இல் அவ போகும் வரைக்கும் எங்களுக்கு அது போதுமாயிருந்தது. 1993இல் பொய் சொன்ன நான், அந்தச் சும்மா இருந்த நேரங்களில்தான் வேலை போனதையும் வருத்தம் வந்ததையும் ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொன்னேன். நிமிடத்துக்கு விலை இருந்தால் மனுஷன் முக்கியமானதைச் சொல்வான் என்பார்கள். என் அனுபவத்தில் அப்படியில்லை. விலை இருந்தபோது நாங்கள் நல்லதை மட்டுமே சொன்னோம்.

அப்பு 1996இல் காலமானார். அந்தக் கொழும்புக் கதைக்குப் பிறகு நாங்கள் கதைக்கவே இல்லை. மிச்சம் இருந்த காட்டை நான் பாவிக்கவில்லை. இங்கே தெருத் தொலைபேசிகளில் 2022 நவம்பரில் சில்லறை போடுவதையும், 2023 ஜனவரியோடு காட் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தக் காட் சாமிப்படத் தட்டில் இருக்கிறது. மகள் அதை எடுத்துப் பார்த்து, "இதில எவ்வளவு மிச்சம் அப்பா?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரையை வாசித்தால் அவளுக்குத் தெரியும்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு காட், ஒரு கடிதம், ஒரு இலக்கம் எழுதிய துண்டு கட்டாயம் இருக்கும். எறிந்துவிடாமல் அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அடுத்த மலருக்கு எழுதுங்கள். அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள். ஊருக்கு எடுத்தாச்சோ?