ஊர்ப் பேரைத் தேடிய விரல்

1991 கடைசியில் எனக்கு இருபத்தோரு வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத் தொண்டராக இருந்தேன். கடலைக் காட்டு வேலை முடித்து, சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகுதான் பெண்கள் வகுப்புக்கு வருவார்கள். அரிக்கேன் விளக்கு, சிலேட்டு, விரிக்க நாலு சாக்கு. அதுதான் எங்கள் பள்ளிக்கூடம்.

ஒருநாள் டவுனிலிருந்து நாளிதழ் வாங்கிப் போனேன். எங்கள் வகுப்புகளைப் பற்றி அதில் நாலு வரிச் செய்தி வந்திருந்தது. ஐம்பது வயதைத் தொட்ட ஆத்தா ஒருவர் தாளைத் தரையில் விரித்து, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்தி, ஊர்ப் பேரைத் தேடினார். கால் மணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, நம்மூருப் பேரு போட்டுருக்காக. ஊருணி வத்திப் போனதை ஏய்யா போடலை?”

என்னிடம் பதில் இல்லை.

1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988-இல் தொடங்கியது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்து எங்கள் முறை வந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய இயக்கம், 1992 ஆகஸ்டில் அதே அறிவிப்பை எட்டியது. நாங்கள் படித்த செய்திகளில் பெரும்பாலும் தொடக்க விழாவும், மாலை மரியாதையும், கற்றவர் எண்ணிக்கையுமே இருந்தன. கற்றவள் என்ன ஆனாள் என்பதை எழுத யாராவது வந்து உட்கார வேண்டியிருந்தது.

அப்படி வந்தவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். 1993-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் நல்கை பெற்று, நாட்டின் மிக வறிய மாவட்டங்களைச் சுற்றியவர் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தார். அவர் கண்ணில் பட்டது சைக்கிள். அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. இயக்கத்தைச் சேர்ந்த முத்து பாஸ்கரன் அதற்கென்றே ஒரு பாட்டு எழுதினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் வழிசெய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று சாய்நாத் எழுதினார்.

ஆனால் அவர் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. கல்லுடைப்பவர்களையும் ரத்தினக்கல் பட்டை தீட்டுபவர்களையும் தேடிப்போய்க் கேட்டார். பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பியது ஏன் என்றும் எழுதினார்: இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் இது தெரியும். அந்தக் கட்டுரை 1996-இல் அவருடைய நூலில் வந்தது. பின்பு எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது.

பத்திரிகை கூட நின்றால் என்ன நடக்கும் என்பதை ஆந்திராவும் காட்டியது. அங்கே நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்பில் கூடிய பெண்கள் 1992-இல் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஈநாடு நாளிதழ் அந்தப் போராட்டத்துக்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கியது. ஒவ்வோர் ஊர்ச் செய்தியும் அடுத்த ஊரை எழுப்பியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது.

முதியோர் கல்விக்கு உதவ நினைப்பவர்கள் சிலேட்டும் புத்தகமும் வாங்கித் தருகிறார்கள், நல்ல காரியம். கூடவே ஒரு நிருபருக்குப் பஸ் காசும், ஊரில் பத்து நாள் தங்க வழியும், தாளில் கால் பக்கமும் கிடைக்கச் செய்யுங்கள். சாய்நாத்துக்கு அந்த நல்கை கிடைத்ததால்தான் எங்கள் சைக்கிள்கள் நாடறிய ஓடின.

அந்த ஆத்தா தன் கேள்வியை விடவில்லை. இரண்டு மாதம் கழித்து அஞ்சலட்டையில் அதே பத்திரிகைக்குத் தன் கைப்பட எழுதினார். ஐந்து வரி, ‘ஊருணி’யில் ‘ணி’ மட்டும் ‘னி’ ஆகியிருந்தது. நான் திருத்தப்போனபோது, “கெடக்கட்டும் தம்பி, அது என் எழுத்து” என்றார். மருமகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மூன்று மைல் மிதித்துப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

கடிதம் அச்சில் வரவில்லை. ஆத்தா மட்டும் தினமும் வகுப்புக்கு வந்ததும் முதலில் பேப்பரைக் கேட்டு வாங்கி, விரலை வைத்துத் தேடினார்.