கையெழுத்துக்கும் கத்திக்கும் இடையில்

ஆஸ்பத்திரி வோர்டில் ஒரு இரவாவது நின்றவர்களுக்கு இது தெரிந்த காட்சி. நாளைக் காலை ஒப்பரேசன். இன்று பின்னேரம் ஒரு தாளை நீட்டுவார்கள். "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ." வாசித்து முடிக்க முன்னமே பேனை கைக்கு வந்துவிடும். சில வேளைகளில் டொக்டர் விளக்கம் சொல்வதுகூடக் கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவுக்கு இல்லை, பக்கத்தில் நிற்கும் மகனுக்குத்தான்.

கையெழுத்து இருக்கு, சரி. ஆனால் முடிவை எடுத்தது யார்? 1970களில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் வேலை செய்த வில்லியம் ஹால்ஸ்டட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1894இல் தன் முறையை விரிவாக எழுதி வெளியிட்டார். மார்பகம், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசை, அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றுவது அந்த முறை. புற்றுநோய் ஒரு இடத்திலிருந்து படிப்படியாக வெளியே பரவுகிறது, ஆகவே எவ்வளவு அதிகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்று நம்பினார்கள். அமெரிக்காவில் எழுபது வருஷத்துக்கு மேல் இதுதான் வழமையான சிகிச்சை.

வெட்டின அளவைவிட, வெட்டின விதம்தான் எங்களை யோசிக்க வைக்குது. கட்டி ஒன்று இருப்பதாகப் போகும் பெண்ணுக்கு மயக்கமருந்து கொடுப்பார்கள். கட்டியில் ஒரு துண்டை எடுத்து, உறையவைத்து, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். புற்றுநோய் என்றால், அவர் மயக்கத்தில் இருக்கும்போதே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து முதலே கையெழுத்து வாங்கியாச்சு. தனக்குப் புற்றுநோயா இல்லையா என்பது, கண் விழித்து நெஞ்சைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரியவரும்.

1974இல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பரிசோதனையை மட்டும் செய்யுங்கள். முடிவைச் சொல்லுங்கள். மிச்சத்தை நான் யோசித்துச் சொல்கிறேன்." ஒருவர் பின் ஒருவராகப் பல டொக்டர்மார் மறுத்தார்கள். கடைசியில் ஒருவர் சம்மதித்தார். முடிவு புற்றுநோய்தான். குஷ்னர் தேடி விசாரித்து, ஹால்ஸ்டட் முறையைக் கைவிட்டிருந்த ஒரு நிபுணரிடம் பஃபலோ நகருக்குப் போனார். நெஞ்சுத் தசையை விட்டுவிட்டு மார்பகத்தை அங்கே அகற்றினார்கள். ஆக, அவர் மருத்துவத்தை மறுக்கவில்லை. மார்பகத்தை இழப்பதற்கும் தயாராகத்தான் இருந்தார். தன்னைக் கேட்காமல் இழக்கத்தான் தயாராக இல்லை.

அதே வருஷம் செப்டெம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெற்றி ஃபோர்டுக்கும் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. பரிசோதனையையும் ஒப்பரேசனையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள் என்று குஷ்னர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசி எடுத்தார். ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்பதுதான் கிடைத்த பதில் என்று அவர் பின்னர் சொன்னார். உடம்பு மனைவியுடையது, முடிவு கணவனுடையது! எங்கட வீடுகளில் கேட்காத கதையா இது?

1975இல் குஷ்னர் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில், மருத்துவர் அல்லாத அவருக்கும் ஒரு இருக்கை கிடைத்தது. பரிசோதனையும் ஒப்பரேசனும் இரண்டு கட்டமாக நடக்கவேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதே வருஷம் மசாசூசெற்ஸ் மாநிலம், மார்பகப் புற்றுநோயாளருக்கு மாற்றுச் சிகிச்சைகளைச் சொல்லவேண்டும் என்று சட்டம் இயற்றியது.

விஞ்ஞானமும் பிறகு வந்து சேர்ந்தது. பேர்னார்ட் ஃபிஷர் தலைமையிலான ஆய்வில் 1,800க்கு மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். ஆரம்ப நிலையில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும், முழு மார்பகத்தையும் அகற்றியவர்கள் அளவுக்கு உயிர்வாழ முடிகிறது என்று 1985இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. குஷ்னர் 1990இல் அதே நோயால் இறந்தார். கேள்வி கேட்டதால் நோய் மாறிவிடாது. ஆனால் அவருக்குப் பின் வந்த பெண்கள், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு மயக்கத்துக்குப் போனார்கள்.

அந்தப் பெண்கள் வென்றெடுத்தது பெரும்பாலும் சில நாட்கள்தான். முடிவு தெரிந்ததற்கும் கத்தி வைப்பதற்கும் இடையிலான சில நாட்கள். யோசிக்க, இன்னொரு டொக்டரைக் கேட்க, வீட்டில் இருந்து அழ. அந்த இடைவெளி இல்லாவிட்டால் கையெழுத்து வெறும் கையெழுத்துத்தான்.

அவசர நேரத்தில் இதெல்லாம் பார்க்கேலாது, உண்மை. ஆனால் எல்லா ஒப்பரேசனும் அவசரம் இல்லை. அடுத்த முறை அம்மாவோட கிளினிக்குக்குப் போனால், நாங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல், டொக்டரிடம் மூன்று விஷயம் கேட்டுப் பார்ப்போம். வேறு வழி இருக்கா? யோசிக்க எத்தனை நாள் இருக்கு? இதை அம்மாவுக்கே ஒருக்கா சொல்லுவீங்களா?