சாப்பர் வீரரும் அவர்தம் பதக்கங்களும்

அலசூரில் வாழும் நம் குடும்பத்துச் சிறுவர்கள் நாள்தோறும் அசாயி ரோடு, மியானி அவென்யூ ஆகிய தெருக்களில் நடமாடுகின்றனர். இப்பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று வினவியவர் நம்மில் சிலரே. அசாயி மராட்டிய நாட்டிலும், மியானி சிந்து நாட்டிலும் உள்ள ஊர்கள். முன்னதில் 1803ஆம் ஆண்டிலும், பின்னதில் 1843ஆம் ஆண்டிலும் பெரும்போர் நிகழ்ந்தது. அவ்விரு களங்களிலும் நின்ற படை, அலசூர் ஏரியின் அருகே இன்றும் நிலைகொண்டுள்ள நம் சென்னைச் சாப்பர் படையே ஆகும்.

1780 செப்டம்பர் 30ஆம் நாள் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தோன்றிய இப்படை, 1834இல் பெங்களூரைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டது. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் எனப் பலரும் இதிற் சேர்ந்தனர். அனைவருக்கும் 'தம்பி' என்பதே செல்லப்பெயராயிற்று. பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், குடிநீர் தருதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை சாப்பரின் தொழில். படை நடக்க வழி செய்பவர் அவர். ஆயினும் வரலாற்று நூல்கள் தளபதியின் பெயரையே கூறும். எளிய சாப்பரின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர் மார்பில் அணிந்த பதக்கங்களில் தேடலாம்.

தொடக்கத்தில் அதற்கும் வழியில்லை. 1799இல் நிகழ்ந்த சீரங்கப்பட்டண முற்றுகைக்காகக் கும்பினியார் வழங்கிய பதக்கத்தில், சிங்கம் புலியை வீழ்த்தும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. உயர்ந்த அதிகாரிக்குப் பொன், அவருக்குக் கீழ்ப்பட்டோர்க்கு வெள்ளி, சிப்பாய்க்கோ வெள்ளீயம்! பெற்றவர் பெயரும் அதில் இல்லை. பின்னாளில் சாதாரண வீரருக்கும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டன. எனினும் வேற்றுமை முற்றும் ஒழியவில்லை. முதல் உலகப் போரின் போர்ப் பதக்கம் வீரருக்கு வெள்ளியாகவும், தொழிலாளர் படையினர்க்கு வெண்கலமாகவும் வழங்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் 4ஆம் இந்திய டிவிஷனுடன் சென்ற சாப்பர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் பெட்டியில் ஆறு முனை கொண்ட நட்சத்திரங்கள் இருக்கும். வெளிர்மஞ்சள் நாடா கொண்டது ஆப்பிரிக்க நட்சத்திரம். அந்நிறம் பாலைவனத்தைக் குறிக்கும். சிவப்பு, வெள்ளை, பச்சை நாடா கொண்டது இத்தாலி நட்சத்திரம். பிரிட்டிஷ் வீரருக்குத் தந்த நட்சத்திரங்கள் பெயரின்றியே வந்தன. இந்திய வீரருக்குத் தந்தவை பலவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. வெள்ளீயக் காலத்திலிருந்து இவ்வளவு தொலைவு வர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

அந்த இத்தாலி நட்சத்திரத்தின் விலை யாது? 1944 பிப்ரவரி 24ஆம் நாள் மிஞ்ஞானோ என்னுமிடத்தில், செங்கற்பட்டு மாவட்டத்தவரான சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றிக் கொண்டிருந்தார். உடன் வந்தவர் ஒருவரின் காலடியில் வெடியொன்று இயங்கத் தொடங்கியது. தப்பி ஓடச் சில நொடிகள் இருந்தன. அவர் ஓடவில்லை, வெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தம்மவரைக் காத்து உயிர் நீத்தார். ஜார்ஜ் சிலுவை என்னும் உயர் விருது அவர் மறைந்தபின் வழங்கப்பட்டது.

அவர்கள் உழைத்தது அந்நியர் ஆட்சிக்கன்றோ எனச் சிலர் வினவலாம். வினா நேர்மையானது. சீரங்கப்பட்டணத்தில் புலியை வீழ்த்திய வெற்றியில் நம் முன்னோர்க்கும் பங்குண்டு. கன்னட மண்ணில் வாழும் நாம் அதனை மறைத்தல் முறையன்று. ஆயின், போரைத் தேர்ந்தவர் சிப்பாய் அல்லர். சம்பளத்தையும் பென்ஷனையும் நம்பி ஊரை விட்டு வந்தவர் அவர். ஆட்சி அந்நியருடையது, துணிவும் உழைப்பும் அவருடையன.

ஆதலின் அன்பர்களே, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கறுத்துப்போன பதக்கம் ஏதேனும் கிடைப்பின், அதனை எடைக்குப் போட்டுவிட வேண்டா. பளபளப்பாக்குவதற்காகத் தேய்த்து எழுத்தை அழித்துவிடவும் வேண்டா. வெளிச்சத்தில் பிடித்து விளிம்பையும் பின்புறத்தையும் படியுங்கள். அங்குள்ள எண்ணையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தெருவின் பெயர் போரை நினைவூட்டும். போருக்குச் சென்ற தாத்தாவை நினைவூட்ட நாம் அன்றி வேறு யார் உளர்?