சைட்டோகுரோம் பி450 மரபணுக் குடும்பத்தின் வரலாறு

சைட்டோகுரோம் பி450 என்பது மருந்துகளையும் நச்சு வேதிப்பொருட்களையும் சிதைக்கும் நொதிகளை உருவாக்கும் பெரிய மரபணுக் குடும்பம் ஆகும். மனிதரில் இக்குடும்பத்தைச் சேர்ந்த 57 மரபணுக்கள் செயல்படுகின்றன. இவற்றின் நொதிகள் பல, கல்லீரலில் மிகுதியாகக் காணப்படுகின்றன. கொழுப்பில் கரையும் பொருளில் ஓர் ஆக்சிசன் அணுவைச் சேர்த்து, அது நீரில் எளிதாகக் கரைந்து சிறுநீர் வழியே வெளியேற இவை உதவுகின்றன.

முதலில் அறியப்பட்டது மரபணு அன்று, ஒரு நிறமியே. கார்பன் மோனாக்சைடுடன் சேர்ந்து 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சும் நிறமி ஒன்று கல்லீரலில் இருப்பது 1958-இல் தெரியவந்தது. சப்பானைச் சேர்ந்த ஒமுரா, சாட்டோ ஆகிய இருவரும் 1962-இல் இதற்குத் தற்காலிகமாக வைத்த பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

இந்நொதிகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவது 1975-இல் இலண்டனில் எதிர்பாராமல் வெளிப்பட்டது. மருந்தியல் ஆய்வாளர் இராபர்ட் சுமித், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் டெப்ரிசோகுயின் மருந்தைச் சக ஆய்வாளர்களுடன் தாமே உட்கொண்டார். மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அவருக்கோ இரத்த அழுத்தம் வெகுவாகக் குறைந்து மயக்கம் வந்தது. அவரது உடல் மருந்தைச் சிதைக்காமல், பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேற்றியிருந்தது. இக்குறைபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவது என 1977-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒருவர் மயங்கி விழுந்ததைத் தனிப்பட்ட ஒவ்வாமை என ஒதுக்காமல் காரணத்தைத் தேடியதே இங்கு கவனிக்கத்தக்கது. இதற்குப் பொறுப்பான சிஒய்பி2டி6 மரபணு, 22-ஆம் நிறப்புரியில் உள்ளது.

குறைபாட்டைப் போலவே மிகையும் ஆபத்தானது. இம்மரபணுவின் 12 படிகளைப் பெற்ற சிலர் ஒரே குடும்பத்தில் இருந்ததை 1993-இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இத்தகையோரின் உடலில் மருந்து மிக விரைவாக மாற்றமடைகிறது. வலிநீக்கியான கோடீனை மார்ஃபீனாக மாற்றுவதும் இதே நொதிதான். ஆகவே மிகை நொதி உள்ள குழந்தைக்கு வழக்கமான அளவு கோடீன் கொடுத்தாலும், இரத்தத்தில் மார்ஃபீன் பெருகி மூச்சு தளரக்கூடும். நச்சை முறிக்கும் நொதி என்ற பெயர் இவ்விடத்தில் பொருந்துவதில்லை.

உள்நாக்குச் சதை அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2013-இல் அத்தகைய பயன்பாட்டுக்கு எதிராகக் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல், 12 வயதுக்குட்பட்டோருக்கு வலிக்கோ இருமலுக்கோ இம்மருந்தைக் கொடுக்கலாகாது என அறிவித்தது.