ஜாம் போத்தல் விளக்கும் சீலை மண்மூட்டையும்

போன மாதம் நாங்கள் சிலபேர் சேர்ந்து வீட்டில் எறியக் கிடந்த சாமான்களில் கைவினை செய்து பார்த்தோம். யூரியூப்பில் பார்த்த விஷயம்தான். ஜாம் போத்தலுக்கு நீல நிறம் அடித்து, சணல் கயிறு சுற்றி, பேனை வைக்கிற பாத்திரமாக்கினோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இதுக்கு ஏன் பெயின்ற் அடிச்சனீங்கள்? இனி வெளிச்சம் வெளிய வராதே" என்று கேட்டா. எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நாங்கள் எல்லாரும் 1995க்குப் பிறகு பிறந்த ஆட்கள். 'பொருளாதாரத் தடை' என்ற சொல்லை வீட்டில் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறோம். ஆனால் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் அதைப் படித்ததாக எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. அதனால் அம்மம்மாவில் இருந்தே தொடங்கினோம்.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. யாழ்தேவி நின்றது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரமும் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம், மெழுகுதிரி என்று ஒரு நீண்ட பட்டியலில் இருந்த பொருட்கள் ஒன்றில் தடைப்பட்டன, அல்லது பெயருக்குக் கொஞ்சம் வந்தன. மண்ணெண்ணெய் பங்கீட்டில் கிடைத்தது, வெளியில் வாங்கினால் யானை விலை. அரிக்கன் லாம்பு ஒரு இரவில் குடிக்கிற எண்ணெயை நினைத்தாலே பயம் வந்ததாம். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. சிலர் அதைச் சிக்கன விளக்கு என்றும் சொன்னார்கள்.

அதன் வேலை இப்படி. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு, சில கரண்டி மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூபில் இருந்து வெட்டி எடுத்த வால்வுக் கட்டைக்குள்ளால் மெல்லிய நூல்திரியைக் கோர்த்து, அதைத் தகரத் துண்டு ஒன்றில் பொருத்தி, பஞ்சின் மேல் நிறுத்த வேண்டும். சுடர் போத்தலுக்குள்ளேயே எரியும். கண்ணாடிச் சுவர் காற்றை மறைக்கும், சிமினி தேவையில்லை. வால்வின் துவாரம் சிறியது என்பதால் தடித்த திரி போட ஏலாது, அதனால் எண்ணெயும் மெதுவாகத்தான் போகும். போத்தல் தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் சிந்தாது, பஞ்சு பிடித்து வைத்திருக்கும். பாயில் படுக்கிற குழந்தைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. எறிகிற போத்தல், எறிகிற ரியூப், எறிகிற தகரம் மூன்றும் சேர்ந்து ஒரு தலைமுறையை ஓ.எல்லும் ஏ.எல்லும் எழுத வைத்தன. (தடைக்காலத்தில் ஜாம் எங்கே இருந்தது என்று கேட்டோம். "ஜாம் முந்தியே முடிஞ்சுது, போத்தல்தான் மிச்சம்" என்று பதில் வந்தது.)

மோட்டார் சைக்கிள் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. ஆகவே சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றர் பக்கம் பீய்ச்சி, உதைத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். றோட்டெல்லாம் வெள்ளைப் புகை. வழியில் நின்றுவிட்டால் திரும்பவும் அந்தச் சின்னப் போத்தல்தான் கடவுள்.

எங்களை அதிகம் பிடித்து நிறுத்தியது றேடியோ. பற்றரி இல்லை. ஆனால் செய்தி வேண்டும். பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்காமல் நாள் முடியாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்னை றேடியோவுக்குக் கொடுத்தார்கள். இதற்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நடுவில் ஒரு இருவாயி வேண்டும். விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் படம் கீறி மார்க்ஸ் வாங்குகிற அதே இருவாயிதான். பழுதான றேடியோக்களில் இருந்து அதைக் கழற்றி ஒட்டிக் கொடுக்கிற பெடியன்கள் ஊரில் இருந்தார்களாம். எங்கள் நண்பர் ஒருவரின் அப்பா அப்போது பெடல் சுற்றுகிற ஆள். "செய்தி வாசிக்கேக்க கை உளைஞ்சு கொஞ்சம் மெதுவாச் சுத்தினால், சனம் ஏசும்" என்றார். அவர் ஒரு செய்தியையும் முழுதாகக் கேட்டதில்லையாம். சுற்றுகிற சத்தம் அவருடைய காதுக்குத்தான் கிட்ட.

கடதாசி இன்னொரு பக்கம். அச்சுத்தாள் வராத நாட்களில் உதயன் பத்திரிகை பள்ளிக் கொப்பிக்குப் பயன்படுகிற கோடு போட்ட தாளில்கூட அச்சாகி வந்தது. வாசித்த பேப்பர் கடைக்குப் போய்ச் சரையாகிச் சீனி சுற்றியது. சவர்க்காரம் இல்லாத வீடுகளில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். இது தடை வந்து கற்றது இல்லை, பழைய பழக்கம் ஒன்று திரும்பி வந்தது. கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற ஊமலை அடுப்பில் வைப்பதும், பழஞ்சீலையை ஏணை கட்டி, கிழிந்தபின் கைபிடித் துணியாக்கி, கடைசியில் திரியாக்குவதும் அதற்கு முன்பே இருந்த சீவியம்தான்.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. ஒருவர், இதையெல்லாம் 'எங்கட ஆக்களின்ர கண்டுபிடிப்புத் திறமை' என்று பெருமையாக எழுத வேண்டும் என்றார். மற்றவர், அப்படி எழுதினால் தடை ஏதோ நல்லது செய்தது மாதிரி ஆகிவிடும் என்றார். இரண்டாமவர் பக்கம்தான் நாங்கள் நிற்கிறோம். மண்ணெண்ணெய்ப் புகையில் இருமியவர்களையும், விளக்கில் கை சுட்டவர்களையும் விட்டுவிட்டுப் போத்தலை மட்டும் புகழ ஏலாது. பஞ்சு நனைத்து, திரி கத்தரித்து, கரி பிடித்த போத்தலை ஒவ்வொரு காலையும் சாம்பல் போட்டு மினுக்கியது பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய அந்த வேலையை ஒருவரும் கண்டுபிடிப்பு என்று சொன்னதில்லை.

மறுபயன்பாடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் எங்களிடம் சாட்சி இருக்கிறது. ரயில் ஓடாத பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகின. 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தபோது பாதையை முற்றிலும் புதிதாகப் போட வேண்டியிருந்தது. 2009இல் வன்னியில், சாக்கு இல்லாத இடத்தில், சீலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அடுக்கினார்கள். கலியாணச் சீலைகளும் அதில் இருந்தன. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்மூட்டைகள் அவ்வளவு வண்ணமாக இருந்தன.

2022இல் திரும்பவும் பெற்றோல் வரிசை வந்தது. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. நாடு முழுக்க அதிர்ந்துபோய் இருக்க, எங்கட வீடுகளில் பெரியவர்கள் அலமாரிக்கு மேலே எதையோ தேடினார்கள். வீட்டில் வெற்றுப் போத்தல்களை ஏன் சேர்த்து வைக்கிறார்கள் என்று அதுவரை நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம்.

எங்கள் நீலப் போத்தலின் பெயின்ரை அன்றைக்கே சுரண்டி எடுத்தோம். பழைய ரியூப் ஒன்று சைக்கிள் கடையில் சும்மாவே தந்தார்கள். அம்மம்மா கண்ணாடி போடாமலே திரி கோர்த்தா. லைற்றை நிற்பாட்டிவிட்டு அந்த வெளிச்சத்தில் ஒரு பக்கம் வாசித்துப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் கண் எரிந்தது.

"தள்ளி இருந்தால் தெரியாது, கொப்பியைப் போத்தலுக்குக் கிட்டக் கொண்டு வா" என்றா அம்மம்மா.