மீன் விடுவதற்கு முன்

புதிதாக உப்புநீர் மீன்தொட்டி வைக்க வருகிறவரிடம் பொறுப்புள்ள கடைக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, 'இப்போதே மீன் எடுக்காதீர்கள்' என்பதுதான். மணலும் கல்லும் போட்டு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கலந்து, மோட்டாரை ஓடவிட்டு, நாலு முதல் ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொழிலில் இதற்கு 'சைக்ளிங்' என்று பேர். காரணமும் இன்று எல்லோருக்கும் மனப்பாடம்: மீன் செவுள் வழியாக வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன, அவை கல்லிலும் மணலிலும் குடியேறப் பல வாரம் ஆகும். விஞ்ஞானிகள் நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார்கள், அதன்பின் மீன் வளர்ப்பவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். வரலாறு தலைகீழாக இருக்கிறது. காத்திருப்பது முதலில் வந்தது. அதற்குச் சொன்ன காரணம் தவறு. சரியான காரணம் வேறோர் இடத்தில் தெரியவந்த பிறகும், மீன்தொட்டி வரை வந்து சேர இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1846இல் அன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து லண்டனுக்குச் சில பவள உயிர்களைக் கொண்டுவந்தார். ஒரு பெரிய கடற்பஞ்சில் அவற்றை ஊசி நூலால் தைத்து, ஜாடியில் வைத்து எடுத்துவந்தாராம். லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? இருந்த நீரையே திறந்த ஜன்னலருகே நின்று, பாத்திரத்துக்குப் பாத்திரம் அரைமணி, முக்கால் மணி நேரம் வேலைக்காரப் பெண்ணை ஆற்றச் சொன்னார். டீயை ஆற்றுவது போன்ற இந்த வேலையில்தான் உப்புநீர் மீன்தொட்டியின் கதை தொடங்குகிறது. அடுத்த ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். உயிர்கள் ஆண்டுக்கணக்கில் பிழைத்தன. அதே காலத்தில் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் நன்னீரில் தங்கமீன், நீர்ச்செடி, அழுகிய இலையைத் தின்ன நத்தை என்று மூன்றையும் சேர்த்து வளர்த்து, 1850இல் முடிவை வெளியிட்டார். செடி தரும் ஆக்ஸிஜனும் உயிர்கள் விடும் கரியமில வாயுவும் ஒன்றையொன்று ஈடுகட்டினால் தண்ணீர் கெடாது என்பது அவர் கொள்கை. இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் இதைக் கடலுக்குக் கொண்டுபோனார். பாசிக்கு வேர் கிடையாது என்பதால், அது பிடித்திருக்கும் பாறைத் துண்டையே உளியால் பெயர்த்தெடுக்கச் சொன்னார். 1854இல் நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீரும் செய்தார். அதில் முதலில் பாசிக்கல்லைத்தான் போட்டார். உயிர்கள் பிறகுதான் உள்ளே வந்தன. கருங்கல் போலத் தெரிந்த அந்தத் துண்டோடு கடலின் நுண்ணுயிர்க் கூட்டமும் தொட்டிக்குள் வந்தது காஸுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் பாசியை நடுவதாகத்தான் நினைத்தார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பாசியும் அம்மோனியாவை நேராக உறிஞ்சக்கூடியதுதான். அப்படியானால் காஸ் தொட்டியில் வேலை செய்தது பாசிதான், நுண்ணுயிரை நாம்தான் பின்னாளில் இந்தக் கதைக்குள் புகுத்துகிறோம் என்று சொல்லலாம். போதாததற்கு, அன்று வளர்த்தவை பெரும்பாலும் கடற்சாமந்தி போன்ற, குறைந்த கழிவு விடும் குளிர்நீர் உயிர்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் செய்ததை இந்த விளக்கத்தால் சமாளிக்க முடியாது. 1864இல் ஹாம்பர்க்கிலும் 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் கடல்மீன் காட்சிசாலைகளை அமைத்தவர் அவர். கிரிஸ்டல் பேலஸில் காட்சித் தொட்டிகளுக்கு அடியில், அவற்றின் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நீர் பிடிக்கும் இருட்டு நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டி, இரவு பகலாக நீரைச் சுற்றவிட்டார். இருட்டில் பாசி வளராது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. பாசியை நம்பாமலே ஒரே கடல்நீரை ஆண்டுக்கணக்கில் தெளிவாக வைத்திருந்தார். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கழிவை எரித்துவிடுகிறது என்பது லாயிட் சொன்ன காரணம். ஆக்ஸிஜன் வேண்டும் என்பது சரி. எரித்தது யார் என்பதை அவர் கேட்கவில்லை. ஓடும் நீர், இருட்டு, விரிந்த சுவர்ப்பரப்பு, மிகுந்த காற்று: அம்மோனியாவை மாற்றும் உயிர்களுக்கு இதைவிட நல்ல வீட்டைத் தெரிந்தே கட்டியிருந்தாலும் கட்டியிருக்க முடியாது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரைச் சொட்டவிட்டார்கள். இருபது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. அதன்பின் அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். தாமதம் என்றால் ஏதோ உயிர் வளர்ந்து பெருகுகிறது. குளோரோபாம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. தோட்டத்து மண் கரைத்த நீரை ஊற்றியதும் திரும்பத் தொடங்கியது. புதுத்தொட்டிக்காரர் இன்று அனுபவிக்கும் அதே தாமதம்தான் அங்கே சான்றாக நின்றது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, மாற்றம் இரண்டு கட்டமாக, இரண்டு வேறு உயிர்களால் நடக்கிறது என்று காட்டியவர் இன்னொரு ராபர்ட் வாரிங்டன். தங்கமீன் வளர்த்த வாரிங்டனின் மகன்! தந்தையின் தொட்டி ஏன் கெடவில்லை என்பதற்கான மீதிப் பதிலை மகன் பயிர்நிலத்தில் தேடினார். 1890இல் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். ஆயினும் விடை தொட்டிக்கு வரவில்லை. உழவருக்கு நைட்ரேட் உரம்; நகராட்சிக்குச் சாக்கடைத் தொல்லை தீர்க்கும் வழி; மீன் வளர்ப்பவருக்கோ அது கேள்வியாகவே இல்லை. அவர் கையில் 'செடியும் விலங்கும் ஈடுகட்டும்' என்ற அழகான பதில் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பதில் எதையும் விளக்காமல் இருந்திருந்தால் யாராவது வேறு கேட்டிருப்பார்கள். பாதியை விளக்கியதால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது.

தவறான காரணத்தோடு சரியான பழக்கம் இருந்தால் நட்டம் என்ன என்று கேட்கலாம். எப்போது காத்திருப்பை நிறுத்தலாம் என்று அந்தக் காரணம் சொல்லாது, நட்டம் அதுதான். தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருக்கும், காற்றுக் குமிழிகள் எழும், மீன் செத்துக்கொண்டிருக்கும். கடல்நீரின் pH 8.2 அளவில் இருப்பதால், நடுநிலையான நன்னீரைவிட அம்மோனியாவின் நச்சு வடிவம் பத்து மடங்குக்கும் மேல் கூடும். நன்னீரில் பிழைத்த கவனக்குறைவு உப்புநீரில் பிழைக்காது. 1961இல் ஜகார்த்தாவில் மீன் வளர்த்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைப் போட்டால் தொட்டி நிலைக்கிறது என்று எழுதினார். காஸின் உளி வேலைதான், வெப்பக் கடலில். 1970இல் ஸ்டீபன் ஸ்பாட் நீர் மேலாண்மை பற்றி எழுதிய நூல்தான் நுண்ணுயிர்களின் இந்த அம்மோனியா மாற்றத்தை மீன்தொட்டியின் மையத்தில் வைத்தது. அதற்குப் பிறகும் நெடுநாள், விலை குறைந்த டாம்செல் மீன்களை முதலில் விட்டு அவை தாங்குகின்றனவா என்று பார்ப்பது கடைகளின் வழக்கமாக இருந்தது. உயிரையே சோதனைக் குப்பியாக்கிய வழக்கம் அது. அம்மோனியம் குளோரைடைக் கொஞ்சம் விட்டாலோ, ஒரு துண்டு இறாலை அழுக விட்டாலோ அதே வேலை நடந்துவிடும்.

இப்போது பாட்டிலிலேயே பாக்டீரியா கிடைக்கிறதே, இந்தப் பழங்கதை எதற்கு என்பார்கள் சிலர். பாட்டிலில் இருக்க வேண்டிய உயிர் எது என்பதன் வரலாறும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 1998இல் ஹோவனெக் என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் நன்னீர் மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று காட்டினார்கள். 2005இல் சியாட்டில் காட்சிசாலையின் வெப்பக்கடல் தொட்டிச் சரளையிலிருந்து, பாக்டீரியாவே அல்லாத, ஆர்க்கியா என்ற தனிப் பிரிவைச் சேர்ந்த நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அம்மோனியாவை மாற்றும் அதன் உறவினங்கள் உலகக் கடல்களெங்கும் பெருவாரியாக இருப்பது பின்னர் தெரிந்தது. வினோகிராட்ஸ்கிக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் பாடப்புத்தகங்கள் பார்க்காத ஒன்று, மீன்தொட்டியின் அடியில் கிடந்திருக்கிறது. நல்ல பாட்டில் காத்திருப்பைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. அதற்குள் இருப்பது இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதை லேபிள் சொல்லாது. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் மீனுக்கு முன்னால் அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் குப்பிகளை வாங்குங்கள். ஊற்றிய அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, இரண்டு குப்பியும் பூஜ்யம் காட்டிய பிறகு கடைக்குப் போனால் போதும்.