பத்துக் காசுக்குப் போன கடல்

தென்னமெரிக்கா போகும் உத்தேசம் இருக்கிறதா? அப்படியானால் சிலி - பொலிவியா எல்லையில், ஆண்டீஸ் மலைமேல் கிடக்கும் உப்பு ஏரிகளையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே வறண்ட பாலைவனம். அதன் நடுவே பச்சையாக ஒரு ஏரி, லகுனா வெர்தே. ரத்தச் சிவப்பாக இன்னொன்று, லகுனா கொலராதா. ஒன்றுக்குத் தாது உப்புகள் தந்த நிறம், மற்றதற்குப் பாசி தந்த நிறம். அந்தப் பாசியை மேய்வதற்கென்றே கூட்டம் கூட்டமாக ஃப்ளமிங்கோக்கள். மூன்று ஜாதி!

வழி சுலபம்தான். சிலியின் கலாமா நகரத்துக்கு விமானம். அங்கிருந்து சாலை வழியே சான் பெட்ரோ டி அட்டகாமா. எல்லை தாண்டினால் ஜீப். மூன்று நாளில் ஏரிகளைப் பார்த்துவிட்டு, பொலிவியாவின் உயுனி உப்புவெளியில் போய் இறங்கலாம்.

ஆனால் அவசரம் கூடாது. சான் பெட்ரோ இருப்பது 2,400 மீட்டரில், ஏரிகளோ 4,300 மீட்டரை ஒட்டி. ஒரேயடியாக ஏறினால் தலை வெடிக்கும், வாந்தி வரும். இரண்டு ராத்திரியாவது சான் பெட்ரோவில் தங்கி, உடம்பைப் பழக்கிக்கொண்டு ஏறுவது உத்தமம். மேலே ஏ.டி.எம். கிடையாது, ரொக்கம் வேண்டும். ஜூன், ஜூலையில் ராத்திரி மைனஸ் 15 டிகிரிகூடப் போகும். மலைக்காரர்கள் கோகா இலை டீ கொடுப்பார்கள், குடிக்கலாம். அந்த இலையைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தால் மட்டும் கம்பி எண்ண வேண்டிவரும்!

பொலிவியப் பக்கம் நுழைந்ததும் டிக்கெட் வாங்கச் சொல்வார்கள். 1973-ல் ஏற்பட்ட சரணாலயம் அது. பெயர், எடுவார்தோ அபரோவா.

யார் இந்த அபரோவா? பறவை ஆராய்ச்சியாளரா? இல்லை. கடலைக் காப்பாற்றப் போய்ச் செத்தவர்!

மலை உச்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அந்தக் காலத்தில் பொலிவியாவுக்கு சுமார் 400 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசிபிக் கரை இருந்தது. கரையோரப் பாலைவனத்தில் வெடியுப்பு. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உலகமே அதைத் தேடிய நேரம். தோண்டியது ஒரு சிலி கம்பெனி. 25 வருஷத்துக்கு வரியை உயர்த்த மாட்டோம் என்று 1874-ல் சிலியிடம் ஒப்பந்தம் போட்டிருந்தது பொலிவியா. நாலே வருஷம். 1878-ல் குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி போட்டது. ஒரு குவிண்டால் ஏறக்குறைய 46 கிலோ. நம் கணக்கில் மூட்டைக்குப் பத்துக் காசு!

கம்பெனி கட்ட மறுத்தது. சொத்தை ஏலம் விடப்போகிறேன் என்றார் பொலிவிய அதிபர் இலாரியோன் தாசா. விடுமா சிலி? 1879 பிப்ரவரி 14 அன்று அந்தோஃபகஸ்தா துறைமுகத்தில் துருப்புகளை இறக்கிவிட்டது.

அடுத்த குறி கலாமா. மார்ச் 23. எதிர்த்து நின்றது சுமார் 135 பேர், பெரும்பாலும் ஊர் ஜனங்கள். வந்த சிலிப் படையோ ஐந்நூறுக்கும் மேல். சிப்பாயே இல்லாத அபரோவா, லோவா ஆற்றுப் பாலத்தை விடாமல் நின்றார். வயது 40. சரணடையச் சொன்னார்கள். "நானா? உன் பாட்டியைப் போய்ச் சரணடையச் சொல்லுடா!" என்று கத்தியதாக இன்றும் பொலிவியாவில் சொல்கிறார்கள். சுட்டுத் தள்ளினார்கள்.

யுத்தத்தில் பெருவும் சேர்ந்துகொண்டது. ஜெயித்தது சிலி. பொலிவியாவின் கடற்கரை மொத்தமும் போயிற்று. 1904-ல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடலுக்கு வழி கொடுப்பது பற்றிப் பேச சிலி கடமைப்பட்டிருக்கிறது என்று சர்வதேச நீதிமன்றம் போனது பொலிவியா. அப்படியொரு கடமை இல்லை என 2018-ல் 12-க்கு 3 என்று தீர்ப்பாயிற்று.

இப்போது உங்கள் பயணத் திட்டத்தை இன்னொரு தரம் பாருங்கள். விமானம் இறங்கும் கலாமா, அபரோவா செத்த ஊர். இரண்டு ராத்திரி தங்கும் சான் பெட்ரோ, அவர் பிறந்த ஊர். இரண்டுமே அன்று பொலிவியா, இன்று சிலி. அவரைப் புதைத்த எலும்புகூட 1952-ல்தான் தாய்நாடு திரும்பி லா பாஸ் வந்தது.

முடிந்தால் மார்ச்சில் போங்கள். ஃப்ளமிங்கோவும் நிறைய இருக்கும். ஏரி பார்த்த கையோடு 23-ம் தேதி லா பாஸில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். அன்றைக்கு அங்கே 'கடல் தினம்'. வெள்ளைச் சீருடையில் கடற்படை அணிவகுத்து வரும். கடல் இல்லாத நாட்டின் கடற்படை!